ஹெலனை விட்டுடுங்கப்பா!

"ட்ராய் போர் எதுக்கு நடந்துச்சு?" யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஒரே பதில்தான் வரும். "ஒரு பொண்ணுக்காக." அதோட நிறுத்தினாலும் பரவாயில்லை. கூடவே "ஆவதும் பெண்ணாலே அழிவதும் பெண்ணாலே"ன்னு ஒரு தத்துவம் இலவச இணைப்பா வரும். பட்டிமன்றத்தில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். வினாடி வினாவில் இதுதான் சரியான விடை, மதிப்பெண் பத்து.

எனக்கு இந்தப் பதிலைக் கேட்டாலே பத்திக்கொண்டு வருகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொறுமை இருப்பவர்கள் தொடருங்கள்.

முதலில் கதை தெரியாதவர்களுக்காக, ஒரே மூச்சில். மூன்று பெண் தெய்வங்களில் யார் அழகி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை ட்ராய் இளவரசன் பாரிஸுக்கு வருகிறது. காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி லஞ்சம் கொடுத்து ஜெயிக்கிறாள். லஞ்சம் என்ன? உலகத்திலேயே அழகான பெண், ஹெலன். அவளுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகிவிட்டது என்பதெல்லாம் தெய்வத்துக்கு ஒரு பொருட்டா? பாரிஸ் ஸ்பார்ட்டாவுக்கு விருந்தாளியாகப் போய், மெனலாஸின் மனைவியோடு திரும்பி வருகிறான். மெனலாஸின் அண்ணன் அகமெம்னான் கிரேக்கர்களை எல்லாம் திரட்டிக்கொண்டு படையெடுக்கிறான். பத்து வருஷம் முற்றுகை. கடைசியில் மரக்குதிரை. ட்ராய் எரிகிறது.

இதில் பாதிக்கு மேல் ஹோமரின் இலியட்டில் கிடையாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இலியட்டில் குதிரை இல்லை. அகிலீஸின் குதிகால் இல்லை. அவன் சாவதும் இல்லை, ட்ராய் விழுவதும் இல்லை. குதிரை ஒடிஸியில் தலைகாட்டுகிறது. விலாவாரியாக வருவது ரோமானியக் கவிஞர் வெர்ஜிலிடம். குழந்தை அகிலீஸை ஆற்றில் முக்கி எடுத்த கதையை, நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில், முதலில் சொல்வது கி.பி. முதல் நூற்றாண்டு ஸ்டேஷியஸ். ஹோமருக்கும் இவருக்கும் நடுவில் எழுநூறு, எண்ணூறு வருஷம்!

(இந்த இடத்தில் இராமாயணத்தை இழுக்கக் கை துறுதுறுக்கிறவர்களுக்கு: 1870லேயே வேபர் என்ற ஜெர்மானியர், இராமாயணம் ஹோமரைப் பார்த்து எழுதப்பட்டது என்று கிளப்பிவிட்டார். 1873ல் பம்பாயின் காசிநாத் தெலாங் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பதில் கொடுத்துவிட்டார். அது தனிக்கதை, இன்னொரு நாள்.)

சரி, அப்ப இலியட்டில் என்னதான் இருக்கு? அங்கேதான் விஷயமே.

இலியட் தொடங்கும்போது போரின் பத்தாவது வருஷம். தலைவர்களுக்குள் சண்டை. எதைப் பற்றி? ஹெலனை மீட்கும் வியூகமா? இல்லை. சுற்று வட்டாரத்து ஊர்களைக் கொள்ளையடித்தபோது பிடித்து வந்த பெண்களில் யாருக்கு யார் என்ற பங்குச் சண்டை. அகமெம்னானுக்குப் பங்காக வந்த கிரைசிஸின் அப்பா, அப்போலோ கோவில் பூசாரி. பணயப் பொருளோடு வந்து மகளைக் கேட்கிறார். அகமெம்னான் விரட்டிவிடுகிறான். படையில் கொள்ளைநோய் வருகிறது. வேறு வழியில்லாமல் அவளைத் திருப்பிக் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, "எனக்குப் போன பங்குக்கு ஈடு வேணும்" என்று அகிலீஸ் வைத்திருந்த பிரிசைஸைப் பிடுங்கிக்கொள்கிறான். அகிலீஸ் கோபித்துக்கொண்டு போரை விட்டு விலகுகிறான். பதினையாயிரம் வரிக்கு மேல் நீளும் காவியம் இந்தக் கோபத்தின் மேல்தான் நிற்கிறது.

நல்லாக் கவனிங்க. இன்னொருத்தன் தூக்கிக்கொண்டு போன ஒரு பெண்ணுக்கு நியாயம் கேட்டு வந்த படை, தான் தூக்கி வந்த பெண்களைப் பங்கு பிரிப்பதில் அடித்துக்கொள்கிறது. இதை ஹோமர் எங்கேயோ மூலையில் ஒளித்து வைக்கவில்லை. காவியத்தின் வாசலிலேயே வைத்திருக்கிறார். அப்படியும் நாம் உள்ளே போய் "ஒரு பொண்ணுக்காக" என்று வெளியே வந்தால், கோளாறு காவியத்தில் இல்லை.

அகிலீஸ் ஓரிடத்தில் தன் சாதனையைக் கணக்குச் சொல்கிறான்: கப்பலில் போய் அழித்த நகரங்கள் 12, தரைவழியாக 11. ஆக மொத்தம் 23. ஹெலன் இருந்தது ட்ராயில், ஒரே ஒரு ஊரில். மற்ற 23 ஊர் என்ன பாவம் செய்தது?

இன்னும் அழுத்தமான ஆதாரம் ஏழாம் காண்டத்தில் இருக்கிறது. ட்ராய் சபையில் ஆன்ட்டனார் என்ற பெரியவர் எழுந்து, ஹெலனையும் அவளோடு வந்த செல்வத்தையும் கொடுத்துவிடலாம் என்கிறார். பாரிஸ், செல்வத்தைத் தருகிறேன், கூடவே என் சொத்தையும் தருகிறேன், அவளைத் தரமாட்டேன் என்கிறான். தூதன் போய்ச் சொல்கிறான். கிரேக்க வீரன் டயமடீஸ் எழுந்து என்ன சொல்கிறான் தெரியுமா? செல்வமும் வேண்டாம், ஹெலனையே கொடுத்தாலும் வாங்காதீர்கள், ட்ராய்க்கு முடிவு நெருங்கிவிட்டது என்கிறான். கிரேக்கப் படை மொத்தமும் ஆரவாரம் செய்கிறது. ஹெலனே வேண்டாமாம்! அப்புறம் எதற்கப்பா நிற்கிறீர்கள் அங்கே?

அதற்குப் பதில் பழைய கிரேக்கர்களுக்கே தெரிந்திருந்தது. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்: அகமெம்னான் படையைத் திரட்ட முடிந்தது அன்றைக்கு அவன்தான் பெரிய ஆள் என்பதால், அவன் மேல் இருந்த பயத்தால். போர் பத்து வருஷம் இழுத்ததற்கும் அவர் சொல்லும் காரணம் வீரம் இல்லை, பற்றாக்குறை. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் படையில் ஒரு பகுதி எதிர்க்கரையில் விவசாயம் பார்க்கவும் கொள்ளையடிக்கவும் போய்விட்டது என்கிறார். அவருக்கு முன்னால் ஹெரோடோட்டஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். ஹெலன் ட்ராய்க்கே போகவில்லை, எகிப்தில்தான் இருந்தாள் என்று எகிப்தியப் பூசாரிகள் சொன்னதாக எழுதிவிட்டு, அதை நம்பக் காரணமும் தருகிறார். அவள் உள்ளே இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களாம். தன் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்துக்கொண்டு ஒரு அரசன், இளைய மகனின் ஆசைக்காக ஊரையே பணயம் வைத்திருப்பானா என்பதுதான் அவருடைய கேள்வி. ரொம்பச் சாதாரணமான கேள்வி. நமக்குத்தான் தோன்றவில்லை.

இலியட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் ஹெக்டரும் இல்லை, அகிலீஸும் இல்லை. தெர்சைட்டீஸ். இரண்டாம் காண்டத்தில் ஒரே ஒரு காட்சியில் வருகிறான். எழுந்து நின்று அகமெம்னானைப் பார்த்து நேராகக் கேட்கிறான்: உன் கூடாரம் நிறைய வெண்கலமும் பெண்களும் இருக்கு, இன்னும் என்ன வேணும் உனக்கு? நாம ஊருக்குப் போவோம், இவர் தனியா இருந்து தன் பரிசுகளைக் கட்டிக்கிட்டு அழட்டும். ஒடிஸியஸ் செங்கோலாலேயே அவன் முதுகில் போடுகிறான். ரத்தம் கட்டுகிறது, அவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறான். படை மொத்தமும் சிரிக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், இதே புகாரைத்தான் முதல் காண்டத்தில் அகிலீஸும் சொன்னான். நாங்கள் உழைக்கிறோம், நீ பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறாய் என்று. அவன் சொன்னால் காவிய நாயகனின் கோபம். இவன் சொன்னால் முதுகில் அடி. ஹோமர் வேறு, இவன் வளைந்த காலும் கூன் தோளும் உள்ளவன், ட்ராய்க்கு வந்தவர்களிலேயே அவலட்சணமானவன் இவன்தான் என்று வர்ணித்துவிட்டுத்தான் பேசவே விடுகிறார். இங்கே ஹோமரை நான் மன்னிப்பதாக இல்லை. ஆனால் அந்தப் பேச்சை அவர் வெட்டாமல் விட்டாரே, அதற்கு நன்றி. மூவாயிரம் வருஷத்தில் இந்தப் போரைப் பற்றிச் சொல்லப்பட்ட மிக நேர்மையான பேச்சு அதுதான் என்பது என் கட்சி.

இனி சினிமா. 2004ல் வந்த 'ட்ராய்' படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பிராட் பிட் துள்ளிக் குதித்துக் குத்தும் அந்த ஒரு காட்சிக்காக நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை :-) ஆனால் பிரிசைஸுக்கு அந்தப் படம் செய்தது மகா பாவம். படத்தில் அவள் அரச குடும்பத்துப் பெண், கோவில் கன்னி, தன்னைச் சிறைப்பிடித்தவன் மேல் காதலில் விழுகிறாள். இலியட்டில்? பத்தொன்பதாம் காண்டத்தில் அவளுக்கு ஒரே ஒரு முறை வாய் திறக்க வாய்ப்புக் கிடைக்கிறது. அகிலீஸின் நண்பன் பெட்ரோகிளஸின் பிணத்தின் மேல் விழுந்து அழும்போது தன் கதையைச் சொல்கிறாள். அவள் புருஷனைக் கண்ணெதிரே வெட்டிப் போட்டார்கள். மூன்று அண்ணன் தம்பிகளும் அதே நாளில் போனார்கள். வெட்டியவன் அகிலீஸ். இப்போது அவள் அந்த அகிலீஸின் கூடாரத்தில்தான் இருக்கிறாள். பெட்ரோகிளஸ், உன்னை அகிலீஸுக்கு முறைப்படி கல்யாணம் செய்து வைக்கிறேன் என்று ஆறுதல் சொல்லியிருந்தானாம். அவளுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச நல்வாழ்வு அவ்வளவுதான். சுற்றி நின்ற மற்ற அடிமைப் பெண்களும் அழுகிறார்கள். வெளியே பார்த்தால் பெட்ரோகிளஸுக்காக, உள்ளுக்குள் அவரவர் துக்கத்துக்காக என்று ஹோமர் சொல்கிறார். இந்தப் பெண்ணை எடுத்து ஒரு காதல் பாட்டுக்கு ஏற்ற கதாபாத்திரமாக ஆக்கினால் என்ன சொல்ல?

சரி, ஹெலன்? ட்ராய்க்கு வந்தது ஆசைப்பட்டா, பலவந்தமா என்று காவியம் தீர்த்துச் சொல்வதில்லை. தன்னைத்தானே ரொம்பக் கேவலமாகத் திட்டிக்கொள்கிறாள். பாரிஸிடம் போகமாட்டேன் என்று அஃப்ரோடைட்டியிடம் சண்டை போடுகிறாள், தெய்வம் மிரட்டிப் பணிய வைக்கிறது. தறியில் உட்கார்ந்து, தன் பெயரால் நடக்கும் போரையே துணியில் நெய்துகொண்டிருக்கிறாள். கடைசிக் காண்டத்தில் ஹெக்டரின் பிணத்துக்கு மூன்று பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். மனைவி ஆண்ட்ரமகி, அம்மா ஹெகுபா, கடைசியாக ஹெலன். இந்த ஊரில் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லாதவன் நீ ஒருத்தன்தான், இனி எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுகிறாள். போருக்குக் காரணம் என்று நாம் கைகாட்டும் பெண்ணின் கையில்தான் ஹோமர் கடைசி ஒப்பாரியைக் கொடுத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட கதையை வைத்துக்கொண்டு அரசர்கள் என்ன செய்தார்கள்? கி.மு. 480ல் கிரீஸ் மேல் படையெடுத்துப் போன பாரசீக மன்னன் செர்க்சீஸ், வழியில் ட்ராயில் நின்று ஆயிரம் மாடுகளைப் பலி கொடுத்தான். கி.மு. 334ல் எதிர்த் திசையில் வந்த அலெக்ஸாண்டர், அகிலீஸின் கல்லறைக்கு மரியாதை செலுத்திவிட்டு ஆசியாவைப் பிடிக்கக் கிளம்பினான். ஜூலியஸ் சீசரின் குடும்பம், தாங்கள் ட்ராயிலிருந்து தப்பிய ஈனியஸின் வழி வந்தவர்கள் என்றது. அதை வெர்ஜில் காவியமாக்கினார். ஏழாம் நூற்றாண்டில் ஃபிராங்குகள், நாங்களும் ட்ராய் வாரிசுதான் என்றார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மத்தின் ஜெஃப்ரி, பிரிட்டன் என்ற பெயரே புரூட்டஸ் என்ற ட்ராய்க்காரனால் வந்தது என்று எழுதி வைத்தார். கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத் 1462ல் ட்ராய் பக்கம் வந்தபோது, ட்ராய்க்காக இத்தனை காலம் கழித்துக் கிரேக்கர்களைப் பழிவாங்கிவிட்டதாகச் சொன்னார் என்று அவர் காலத்து வரலாற்றாசிரியர் கிரிட்டோபுலோஸ் எழுதுகிறார். படையெடுப்பவனுக்கும் ட்ராய் வேண்டும், பழிவாங்குகிறவனுக்கும் ட்ராய் வேண்டும். அடிமையாகப் போன பெண்களின் வாரிசு நாங்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லக் காணோம்.

(சந்தடி சாக்கில் ஒன்று. கம்ப்யூட்டரில் நைசாக நுழைந்து நாசம் செய்யும் நிரலுக்கு 'ட்ரோஜன்' என்று பெயர். குதிரையைச் செய்தவன் கிரேக்கன், உள்ளே ஒளிந்திருந்தவன் கிரேக்கன், ஏமாந்தவன் ட்ரோஜன். திருடனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவன் பெயரை வைத்திருக்கிறோம். என்ன கொடுமை இது!)

இந்த விளையாட்டு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1915 போதும். முதல் உலகப் போர். கலிப்போலி, ட்ராய்க்கு நேர் எதிர்க்கரை. பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் கிரேக்கம் படித்துவிட்டு வந்த இங்கிலாந்து இளைஞர்கள் சிலருக்கு அது போர்க்களமாகவே தெரியவில்லை, பாடப்புத்தகமாகத் தெரிந்தது. கவிஞர் ரூபர்ட் புரூக் அவர்களில் ஒருவர். ஏப்ரல் 23ந்தேதி, கரையிறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், கொசுக்கடியிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறிச் செத்துப்போனார். புதைத்தது ஸ்கைரோஸ் தீவில், அகிலீஸ் சின்ன வயதில் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அதே தீவு. 25ந்தேதி 'ரிவர் கிளைட்' என்ற நிலக்கரிக் கப்பலின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே சுமார் இரண்டாயிரம் பேரை அடைத்து, கரையில் கொண்டுபோய் முட்டவிட்டார்கள். ட்ராய் குதிரை மாதிரியாம்! ஒரு சின்ன வித்தியாசம். ட்ராய்க்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், துருக்கியர்கள் துப்பாக்கியோடு விழித்திருந்தார்கள். ஓட்டை வழியே வெளியே வந்தவர்கள் வரிசையாகச் சுடப்பட்டு விழுந்தார்கள்.

ஹைன்ரிக் ஷ்லீமான் கதையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு நியாயம் கிடையாது. துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் ட்ராயைத் 'கண்டுபிடித்தவர்' என்று பாடப்புத்தகம் சொல்லும் பணக்கார வியாபாரி. அங்கே தோண்டு என்று அவருக்குக் காட்டிக்கொடுத்த ஃபிராங்க் கால்வர்ட் பெயர் அந்தப் புத்தகங்களில் வராது, அது போகட்டும். ஹோமரின் ட்ராய் அடியில்தான் இருக்கும் என்று நம்பி, மேட்டின் குறுக்கே பெரிய பள்ளம் வெட்டினார் ஷ்லீமான். அந்த மேட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது அடுக்கு நகரங்கள். அவர் தேடிய காலத்து அடுக்கை அவரே வெட்டித் தள்ளிவிட்டுக் கீழே போய்விட்டார்! 1873ல் தங்கப் புதையல் கிடைத்தது. 'பிரியாமின் புதையல்' என்று பெயர் சூட்டி, ஆட்டோமன் அரசுக்குத் தெரியாமல் கடத்தினார். தன் மனைவி சோஃபியாவின் தலையிலும் கழுத்திலும் அந்த நகைகளைப் பூட்டிப் படம் எடுத்து, ஹெலனின் நகைகள் என்று உலகம் முழுக்கப் பரப்பினார். உண்மையில் அந்த நகைகள் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்தியவை. எந்தப் பெண் போட்டிருந்தாளோ, அவள் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஹெலன் என்றால்தானே விலை போகும். புதையல் பெர்லினுக்குப் போய், 1945ல் சோவியத் படையோடு மாஸ்கோவுக்குப் போய், எங்களிடம் இல்லவே இல்லை என்ற நாடகமெல்லாம் முடிந்து, 1996ல் புஷ்கின் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. கொள்ளையடித்ததைக் கொள்ளையடித்ததைப் பற்றி இன்னும் வழக்கு ஓயவில்லை. இலியட்டின் முதல் காண்டம் மாதிரியே இருக்கு, இல்ல?

நிஜமாகவே ஒரு போர் நடந்ததா என்றால், கி.மு. 1180 வாக்கில் அந்த நகரத்தின் ஓர் அடுக்கு எரிந்து அழிந்திருக்கிறது. எரித்தது யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஹிட்டைட் களிமண் பலகைகளில் வில்லுசா என்ற நாடு வருகிறது, அதுதான் ட்ராய் என்று பலர் ஏற்கிறார்கள். அது கருங்கடலுக்குப் போகும் ஜலசந்தியின் வாய். அப்படிப்பட்ட இடத்தைப் பிடிக்க ஒருவனுக்கு இன்னொருவன் பெண்டாட்டி தேவையே இல்லை.

"ஹோமர் என்ன காந்தியா? வெட்டுக் குத்தை ரசித்து ரசித்துத்தானே எழுதியிருக்கார்?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஈட்டி எந்த எலும்பில் நுழைந்து எந்தப் பக்கம் வந்தது என்பதுவரை எழுதுகிறார், அதில் ஒரு குதூகலம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே ஒடிஸியின் பாதாள உலகத்தில், செத்துப்போன அகிலீஸை ஒடிஸியஸ் சந்தித்து, நீ இங்கேயும் ராஜாதானே என்று ஐஸ் வைக்கிறான். அகிலீஸ், செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, நிலமில்லாத ஒரு ஏழையிடம் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டு உயிரோடு இருப்பேன் என்கிறான். அலெக்ஸாண்டர் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியது இலியட்டை. ஒடிஸியையும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம்.

இந்தக் கதையைச் சரியாகப் படித்தவர் என்று நான் நினைப்பது ஒருவரைத்தான். ஏதென்ஸின் நாடக ஆசிரியர் யூரிப்பிடீஸ். கி.மு. 416ல் ஏதென்ஸ், மீலோஸ் என்ற சின்னத் தீவை, எங்கள் பக்கம் சேரவில்லை என்ற குற்றத்துக்காக முற்றுகையிட்டது. ஊர் சரணடைந்ததும் பிடிபட்ட ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த வசந்தத்தில், கி.மு. 415ல், அதே ஏதென்ஸ் மக்கள் முன்னால் யூரிப்பிடீஸ் 'ட்ராய்ப் பெண்கள்' நாடகத்தை மேடையேற்றினார். வீரர்கள் இல்லை, குதிரை இல்லை, சண்டை இல்லை. ட்ராய் விழுந்த மறுநாள் காலை. யாருக்கு யார் அடிமை என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள். ஹெக்டரின் கைக்குழந்தையைக் கோட்டைச் சுவரிலிருந்து வீசிக் கொன்று, அவன் அப்பாவின் கேடயத்திலேயே வைத்துப் பாட்டியிடம் கொடுக்கிறார்கள். ஜெயித்தவர்களின் நகரத்தில், ஜெயித்தவர்கள் காசில் நடந்த விழாவில் இதைப் போட்டார் மனுஷன்.

நாடகத்துக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. அதே வருஷம் கோடையில் ஏதென்ஸின் மாபெரும் கப்பற்படை சிசிலியைப் பிடிக்கக் கிளம்பியது. கி.மு. 413ல் சிரக்யூஸில் அந்தப் படை அடியோடு அழிந்தது. பிடிபட்ட ஆயிரக்கணக்கான ஏதென்ஸ்காரர்களைக் கல் குவாரிகளில் அடைத்து வைத்தார்கள். சிசிலிக்காரர்களுக்கு யூரிப்பிடீஸின் வரிகள் மேல் ஒரு பைத்தியம் இருந்ததாம். அவற்றை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டிய சில கைதிகளை விடுதலை செய்தார்கள் என்றும், அவர்கள் ஊர் திரும்பியதும் நேராக யூரிப்பிடீஸ் வீட்டுக்குப் போய் நன்றி சொன்னார்கள் என்றும் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார்.